தெளிந்த கடலில் எடுத்த சிப்பியிலும் நஞ்சு இருப்பது ஏன்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பாசி பெருகிக் கடல் சிவப்பாக மாறாத ஓர் இடத்தில் மஸ்ஸல், மட்டி போன்ற சிப்பிகளைப் பொறுக்கி, நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் என்ன ஆபத்து? அப்படித் தெளிவாக இருக்கும் கடற்கரைகளைக்கூட அதிகாரிகள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மூடிவைப்பது எதற்காக?

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சிப்பி நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க முடியாது. கடலின் நுண்பாசிகளிலிருந்து சிப்பிக்குள் சேரும் இந்த நஞ்சுகள் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அழியாது. அந்த இடத்துச் சிப்பியின் சதையை அண்மையில் ஆய்வகத்தில் சோதித்தார்களா, முடிவு என்ன வந்தது என்பதைத் தவிர நம்பத்தக்க அடையாளம் வேறு எதுவும் கிடையாது. இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இந்த நஞ்சு கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் தட்டுப்படாது என்பதுதான்.

கடல்நீரில் மிதக்கும் ஒற்றைச்செல் பாசிகளில் ஆயிரக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. கடலில் வாழும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சோறு போடுவது அவைதான். அவற்றில் நஞ்சு உண்டாக்குபவை ஏறத்தாழ இருநூறு இனங்கள். வெயில், ஊட்டச்சத்து, தண்ணீரின் வெப்பம், அசைவு எல்லாம் ஓர் இனத்துக்குச் சாதகமாக அமைந்துவிட்டால் அது மட்டும் மளமளவென்று பெருகும். இதைத்தான் பாசிப்பெருக்கம் என்கிறோம். சிப்பிகளோ நகர்ந்து போய் இரை தேடுபவை அல்ல. தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள பாசியை வடிகட்டித் தின்கின்றன. வளர்ந்த ஒரு மஸ்ஸல் மணிக்குச் சில லிட்டர் தண்ணீரை வடிகட்டும். பாசிச் செல் செரித்துப்போகும், ஆனால் அதன் நஞ்சு சிப்பியின் செரிமானச் சுரப்பியில் தங்கிவிடும். சில நாட்களிலேயே, தண்ணீரில் அற்பமாக இருந்த ஒரு பொருள் சதையில் பல மடங்கு சேர்ந்துவிடும். சிப்பிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஓடு இறுக மூடியிருக்கும், சதை கொழுத்திருக்கும், வாடையும் சுவையும் வழக்கம்போலவே இருக்கும்.

நிறம் ஏன் உதவாது என்பதும் இதிலேயே விளங்கும். டைனோஃபிசிஸ் என்ற பாசி ஒரு லிட்டருக்குச் சில நூறு செல்கள் இருந்தாலே சிப்பியைச் சாப்பிட முடியாததாக்கிவிடும். அந்த அளவில் தண்ணீரின் நிறத்தில் ஒரு மாற்றமும் தெரியாது, அடிமணல் வரை பார்க்கலாம். தண்ணீர் சிவக்க வேண்டுமானால் லிட்டருக்கு லட்சக்கணக்கில் செல்கள் வேண்டும். மறுபக்கம், கடலைக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செந்நிறமாகவோ பச்சையாகவோ மாற்றும் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர், சிப்பி வழியாக மனிதருக்கு வரும் இந்த நஞ்சு எதையும் உண்டாக்குவதில்லை. அது ஆக்சிஜனைத் தீர்த்தும் அம்மோனியாவைக் கசியவிட்டும் மீன்களைக் கொல்லலாம், அது வேறு கதை. ஆக, சிவந்த கடல் நஞ்சில்லாததாக இருக்கலாம், தெளிந்த கடல் கொல்வதாக இருக்கலாம். பாசிப்பெருக்கத்துக்கு வழங்கும் 'சிவப்பு அலை' என்ற பெயரே மக்களைத் தவறான பக்கம் பார்க்க வைக்கிறது என்பது என் கருத்து.

இது புதிய சங்கதியும் அல்ல. 1793 ஜூன் 15 அன்று, கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் கப்பல்களைச் சேர்ந்த படகுக்குழு ஒன்று இன்றைய கனடாவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்தது. காலை உணவுக்குக் கரையில் மஸ்ஸல் பொறுக்கிச் சமைத்துச் சாப்பிட்டார்கள். சிறிது நேரத்தில் சிலருக்கு முகமும் கைகால்களும் மரத்துப்போயின. பிறகு உடல் முழுக்க மரமரப்பு, தலைசுற்றல், குமட்டல். துடுப்பு போட்டு வியர்த்தால் சரியாகிவிடும் என்று நம்பி விடாமல் துடுப்பு வலித்தார்கள். ஜான் கார்ட்டர் என்ற மாலுமியும் படகு கரைக்கு வரும்வரை வலித்தார். கரையில் இறங்கியதும் அவரால் நிற்க முடியவில்லை. அன்று பிற்பகலிலேயே இறந்துபோனார். அவரைப் புதைத்த விரிகுடாவுக்கு அவர் பெயரையும், அந்த மஸ்ஸலை எடுத்த இடத்துக்கு 'நஞ்சுக் குடா' என்ற பெயரையும் வான்கூவர் வைத்தார். அவை இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன.

கார்ட்டருக்கு நேர்ந்ததை இன்று 'பக்கவாதச் சிப்பி நஞ்சு' என்கிறோம். காரணம் சாக்ஸிடாக்ஸினும் அதன் உறவுக்கார நஞ்சுகளும். அலெக்ஸாண்ட்ரியம், ஜிம்னோடினியம் கட்டெனாட்டம், பைரோடினியம் ஆகிய பாசிகள் இவற்றை உண்டாக்குகின்றன. நம் நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம் அயனிகள் உள்ளே நுழைவதற்கு நுண்ணிய வழிகள் இருக்கின்றன. சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் நரம்பில் செய்தி ஓடும். சாக்ஸிடாக்ஸின் அந்த வழியின் வெளிவாயில் போய் அடைத்துக்கொள்கிறது. செய்தி நின்றுவிடுகிறது. அதனால்தான் முதலில் உதடும் நாக்கும் விரல் நுனியும் குறுகுறுத்து மரத்துப்போகின்றன. அப்புறம் பேச்சு குழறும், நடை தள்ளாடும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று எண்ணிவிடுவதும் உண்டு. கடைசியில் மூச்சு வாங்கும் தசைகள் ஓய்ந்துவிடும். இவ்வளவும் சாப்பிட்ட அரைமணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். ஒரு மனிதரைக் கொல்லச் சில மில்லிகிராம் போதும். இதே பொருள் ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது என்பதை வைத்து அதன் வீரியத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சிப்பிக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? இதற்கு 2005ல் வெளியான ஓர் ஆய்வு அருமையான பதில் தந்தது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மென்னோட்டு மட்டி என்று ஓர் இனம் மணலுக்குள் புதைந்து வாழ்கிறது. பாசிப்பெருக்கம் அடிக்கடி வரும் ஃபண்டி விரிகுடாவிலிருந்து சில மட்டிகளையும், அது வந்ததாகப் பதிவே இல்லாத ஒரு கழிமுகத்திலிருந்து சில மட்டிகளையும் எடுத்து, இரண்டுக்கும் நஞ்சுப் பாசியைத் தீனியாகக் கொடுத்தார்கள். கழிமுகத்து மட்டிகளில் பெரும்பாலானவை செயலிழந்து, மணலுக்குள் புதையக்கூட முடியாமல் கிடந்தன. ஃபண்டி மட்டிகளில் பெரும்பாலானவை வழக்கம்போலப் புதைந்துகொண்டன. அவற்றின் சோடியம் வழியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் நஞ்சு ஒட்டும் பலம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைந்துவிட்டது. மட்டிக்கு நல்லதுதான். ஆனால் நஞ்சைத் தாங்கும் மட்டி தொடர்ந்து தின்றுகொண்டே இருப்பதால் தன் சதையில் அதிக நஞ்சைச் சேர்த்துக்கொள்கிறது. அதாவது, பாசிப்பெருக்கம் பழகிப்போன கடற்கரையில் நல்ல துடிப்போடு இருக்கும் மட்டிதான் அதைச் சாப்பிடுபவருக்குக் கூடுதல் ஆபத்து. 'உயிரோட்டமாக இருக்கிறதே, நல்லதுதான்' என்ற நினைப்பு இங்கே தலைகீழாகப் போகிறது.

இன்னொரு நஞ்சைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1987 கடைசியில் கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் வளர்ப்பு மஸ்ஸலைச் சாப்பிட்ட 100க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், மூன்று பேர் இறந்தார்கள். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு தலைவலி, குழப்பம், வலிப்பு. பிழைத்தவர்களில் சிலருக்கு நடந்தது இதைவிடக் கொடுமை: பழைய நினைவுகள் இருந்தன, ஆனால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. அந்த மஸ்ஸலின் சாற்றைச் செலுத்திய சோதனை எலிகள் பின்னங்காலால் தோளை ஓயாமல் சொறிந்தன. சாக்ஸிடாக்ஸின் கொடுத்தால் எலி அப்படிச் செய்யாது, அதனால் இது வேறு ஏதோ ஒன்று என்று புரிந்தது. ஹாலிஃபாக்ஸ் ஆய்வகம் ஒன்றில் விஞ்ஞானிகள் இரவு பகலாக உழைத்துச் சில நாட்களிலேயே அது டோமோயிக் அமிலம் என்று கண்டுபிடித்தார்கள். யாரும் எதிர்பார்க்காத பெயர் அது. ஜப்பானில் ஒரு கடற்பாசியிலிருந்து எடுத்து, குடல்புழு நீக்கும் மருந்தாகச் சிறிய அளவில் கொடுத்துவந்த பொருள்தான் டோமோயிக் அமிலம். இங்கே அதை உண்டாக்கியது சூடோ-நிட்ஷியா என்ற டயட்டம். டயட்டம் என்றால் சாதுவான பாசி என்று அதுவரை நினைத்திருந்தார்கள். மூளையில் நரம்புச் செல்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற பொருள் செய்யும் வேலையைப் போலிசெய்து, இந்த அமிலம் நரம்புச் செல்களை அளவுக்கு மீறித் தூண்டிக் கொன்றுவிடுகிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதிதான் முதலில் அடிபடும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பாதிப்பு கடுமையாக இருந்தது, ஏனென்றால் இந்த அமிலத்தை உடலிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம்தான்.

மற்ற நஞ்சுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைனோஃபிசிஸ் தரும் ஒகடாயிக் அமிலம் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், இரண்டு மூன்று நாளில் சரியாகும். 'ஏதோ வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் விட்டுவிடுவதால் கணக்கில் வராமலே போகிறது. அசாஸ்பிராசிட் என்பதும் ஏறத்தாழ அதே பாதிப்பைத் தரும். 1995ல் அயர்லாந்தின் கில்லரி துறைமுகத்து மஸ்ஸலைச் சாப்பிட்டு நெதர்லாந்தில் சிலர் நோயுற்றபோதுதான் அது முதலில் தெரியவந்தது. மெக்சிகோ வளைகுடாவில், குறிப்பாக ஃபுளோரிடா கரையில், கரீனியா பிரெவிஸ் என்ற பாசி பிரெவிடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அதன் செல் மென்மையானது, அலையில் அடிபட்டு உடைந்து நஞ்சு காற்றில் கலப்பதால் சிப்பி சாப்பிடாதவர்களுக்கும் கடற்கரையில் இருமலும் தொண்டை எரிச்சலும் வரும்.

சரி, வேகவைப்பது ஏன் பலிக்கவில்லை? கிருமி என்பது உயிர். சூட்டில் செத்துவிடும். இவை உயிரல்ல, வெறும் மூலக்கூறுகள். கொதிநீரின் சூடு அவற்றை உடைக்கப் போதாது. உறைய வைத்தாலும் ஊறுகாய் போட்டாலும் அப்படியேதான் இருக்கும். சாக்ஸிடாக்ஸினும் டோமோயிக் அமிலமும் நீரில் கரைபவை, அதனால் கொதிக்க வைத்தால் ஒரு பகுதி சதையிலிருந்து குழம்புக்குப் போகும். அந்தக் குழம்பையும் குடித்தால் என்ன லாபம்? 1987ல் குவாத்தமாலாவின் சாம்பெரிக்கோவில் 187 பேர் பாதிக்கப்பட்டு 26 பேர் இறந்த துயரத்தில் அவர்கள் சாப்பிட்டது மட்டி சூப். இறந்தவர்களில் பலர் சிறு குழந்தைகள். ஒகடாயிக் அமிலம் போன்ற கொழுப்பில் கரையும் நஞ்சுகளோ ஆவியில் வேகவைத்தால் சதையிலேயே தங்கிவிடும். சதை நீரிழந்து சுருங்குவதால் ஒரு கிராமுக்கான நஞ்சு உண்மையில் கூடிவிடுகிறது. சிப்பியை ஓரிரு நாள் சுத்தமான நீரில் விட்டு எடுப்பது பாக்டீரியாவுக்கு நல்ல வழி. இந்த நஞ்சுக்கு அந்தக் காலம் போதாது.

எவ்வளவு காலம் வேண்டும் என்பது சிப்பி இனத்தைப் பொறுத்தது. கடற்கரைகளை நீண்ட நாள் மூடிவைப்பதன் ரகசியமும் இதுதான். மஸ்ஸல் நஞ்சைச் சீக்கிரம் ஏற்றிக்கொள்ளும், சீக்கிரம் இறக்கியும்விடும். பாசி போன பிறகு சில வாரங்களில் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதே கடற்கரையில் வாழும் ரேசர் மட்டி டோமோயிக் அமிலத்தைப் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் வைத்திருக்கும். வட பசிபிக்கின் வெண்ணெய் மட்டி சாக்ஸிடாக்ஸினை இரண்டு ஆண்டு வரைகூட வைத்திருக்கலாம். சாக்ஸிடாக்ஸின் என்ற பெயரே சாக்ஸிடோமஸ் என்ற அந்த மட்டியின் அறிவியல் பெயரிலிருந்து வந்ததுதான். ஸ்கேலப் என்ற சிப்பியின் வெள்ளைத் தசைப்பகுதியில் நஞ்சு மிகக் குறைவு, செரிமானச் சுரப்பியில் மிக அதிகம். ஆக, பாசி மறைந்து தண்ணீர் மாதிரியில் ஒரு செல்கூட இல்லாத நாளிலும் மணலுக்குள் இருக்கும் மட்டி நஞ்சோடு இருக்கலாம். அதனால்தான் தண்ணீரை மட்டும் பார்த்துத் திறந்துவிடுவதில்லை. அடுத்தடுத்து எடுத்த சதை மாதிரிகள் வரம்புக்குக் கீழே வந்த பிறகே திறக்கிறார்கள். மஸ்ஸல் தெளிந்துவிட்டது என்று மட்டிக்கும் அனுமதி கொடுத்தால் அது தவறு. இனத்துக்கு இனம் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

சோதனை முறையும் மாறி வந்திருக்கிறது. 1920களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் பலர் இறந்த பிறகு, 1930களில் எலிச் சோதனை வந்தது. சிப்பிச் சாற்றை 20 கிராம் எடையுள்ள எலியின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தி, அது எத்தனை நிமிடத்தில் இறக்கிறது என்று பார்ப்பார்கள். கரடுமுரடான முறை, அந்த உயிர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. ஆனால் பல பத்தாண்டுகள் மனித உயிர்களைக் காத்தது அதுதான். இன்று கலவையைப் பிரிக்கும் திரவ நிறப்பிரிகை, நிறையைக் கொண்டு மூலக்கூறை அடையாளம் காட்டும் நிறை நிறமாலைமானி ஆகிய கருவிகள் ஒவ்வொரு நஞ்சையும் தனித்தனியே அளக்கின்றன. கொழுப்பில் கரையும் நஞ்சுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011லிருந்து கருவிவழிச் சோதனைக்கே மாறத் தொடங்கியது. அறுவடைக் காலத்தில் பொதுவாக வாரம் ஒருமுறை மாதிரி எடுக்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

பல நாடுகள் பின்பற்றும் வரம்புகள் ஒரு கிலோ சதைக்குச் சாக்ஸிடாக்ஸின் வகை 800 மைக்ரோகிராம், டோமோயிக் அமிலம் 20 மில்லிகிராம். ஐரோப்பாவில் ஒகடாயிக் அமில வகைக்கு 160 மைக்ரோகிராம். இந்த எண்களைக் கல்லில் செதுக்கியவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009ல் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஒருவர் ஒரே வேளையில் 400 கிராம் சிப்பிச் சதை சாப்பிடுகிறார் என்றால், அவருக்குப் பாதுகாப்பான அளவு கிலோவுக்கு 75 மைக்ரோகிராம் சாக்ஸிடாக்ஸின்தான் என்று சொன்னது. டோமோயிக் அமிலத்துக்கு 4.5 மில்லிகிராம். வரம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும் சிப்பியைத் தட்டு நிறையச் சாப்பிடுபவருக்கு, அதுவும் சிறு பிள்ளைக்கு, அந்த வரம்பு தாராளமானது என்றே நானும் நினைக்கிறேன். 'தேறியது' என்ற முடிவு வந்தாலும் அளவோடு சாப்பிடுவது நல்லது.

இதற்கெல்லாம் மனிதர் கொட்டும் கழிவுதான் காரணமா என்றும் பலர் கேட்பதுண்டு. பாதி உண்மை. கார்ட்டர் இறந்த 1793ல் அந்தக் கரையில் உரமும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. அலெக்ஸாண்ட்ரியம் தனக்குப் பிடிக்காத பருவத்தில் கெட்டி உறையோடு உறங்குசெல்லாக மாறிச் சேற்றில் படுத்துவிடும், பல ஆண்டு கழித்தும் முளைக்கும். அந்தப் படுக்கை இருக்கும் இடத்தில் பெருக்கம் இயற்கையாகவே திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஜப்பானின் செத்தோ உள்கடலைப் பாருங்கள். தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் கலந்த காலத்தில் பாசிப்பெருக்கங்கள் ஏறி ஏறி 1976ல் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 ஆயின. 1973ல் கொண்டுவந்த சட்டத்தின் கட்டுப்பாடுகள் பலன் தரத் தொடங்கிய பிறகு மளமளவெனக் குறைந்தன. கழிவைக் குறைத்தால் கடல் பதில் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கப்பல் நிலையாக இருக்க அதன் அடித்தளத்தில் நிரப்பும் கடல்நீரிலும் உறங்குசெல்கள் ஊர்விட்டு ஊர் போகின்றன. ஜிம்னோடினியம் கட்டெனாட்டம் டாஸ்மேனியாவுக்குப் போனது அப்படித்தான் என்று கருதுகிறார்கள். அந்த நீரைச் சுத்திகரிக்கும் சர்வதேச உடன்படிக்கை 2004ல் ஏற்கப்பட்டும் 2017ல்தான் நடைமுறைக்கு வந்தது.

கடல் வெப்பமும் கணக்கை மாற்றுகிறது. 2015ல் வட அமெரிக்க மேற்குக் கரை நெடுகப் பரவிய சூடான நீரில் சூடோ-நிட்ஷியா பெருகி, நண்டுப் பிடிப்புப் பருவமே பல மாதம் தள்ளிப்போனது. ஆர்க்டிக்கின் சுக்சிக் கடலடியில் அலெக்ஸாண்ட்ரியம் உறங்குசெல்களின் மிகப் பெரிய படுக்கை ஒன்று இருப்பதை 2021ல் வெளியிட்டார்கள். அடிநீர் வெப்பமாக ஆக அவை முளைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதே நேரம், 1985 முதல் 2018 வரையிலான உலகப் பதிவுகளை அலசியவர்கள் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கூடுகிறது என்று சொல்லவில்லை. சில பகுதிகளில் கூடியது, சிலவற்றில் குறைந்தது. கண்காணிப்பு கூடியதால் பதிவும் கூடியது. 'உலகம் முழுக்க வெடித்துப் பரவுகிறது' என்று எழுதுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். சோதனை நடக்கும் நீர்ப்பரப்பிலிருந்து, எடுத்த இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு விற்பனைக்கு வரும் சிப்பியில் ஆபத்து குறைவு. அதிகம் பாதிக்கப்படுவது தாங்களே பொறுக்கிச் சாப்பிடுபவர்கள். அவர்கள் ஒவ்வொரு முறையும் அன்றைய அறிவிப்பைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதாலேயே அந்த இடம் திறந்திருக்கிறது என்று பொருளில்லை, யாரும் சோதிக்கவே இல்லை என்றும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் பொறுக்காதீர்கள். உதட்டில் தடவிப் பார்ப்பது, வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று பார்ப்பது, பூனைக்குப் போட்டுப் பார்ப்பது எல்லாம் வீண். குளிர்மாதத்தில் நஞ்சு இருக்காது என்ற நம்பிக்கையும் அப்படியே. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் நடந்தது நவம்பர், டிசம்பரில்.

சிப்பி சாப்பிட்ட பிறகு உதடோ விரலோ மரத்துப்போனால் காத்திருந்து பார்க்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், தனியாக வண்டி ஓட்டிப் போகாதீர்கள். சாக்ஸிடாக்ஸினுக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் மூச்சுத் தசைகள் ஓய்ந்தாலும் செயற்கை சுவாசம் கொடுத்து முதல் ஒரு நாளைக் கடத்திவிட்டால் பெரும்பாலானோர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். உடல் அசையாமல் போனாலும் உணர்வு இருக்கும், காது கேட்கும். அருகில் இருப்பவர்கள் அவரோடு பேசிக்கொண்டே இருக்கலாம். என்ன சாப்பிட்டார், எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மீந்த சதை, குழம்பு, ஓடு எதையும் கொட்டிவிடாமல் மூடிக் குளிரில் வைத்து சுகாதாரத் துறையிடம் கொடுங்கள். அதைச் சோதித்துத்தான் அந்தக் கரையை அன்றே மூட முடியும், அதே பாறையில் அன்று மாலை பொறுக்க வரும் இன்னொரு குடும்பத்தைத் தடுக்க முடியும்.